இரண்டு தோட்டங்கள்: கொழும்பின் நிழல் யாருக்குப் போனது?

கொழும்புத் தமிழில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று கறுவாத்தோட்டம். கொழும்பு 7, தூதரகங்கள், பெரிய மதில்கள், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற மரங்கள். மற்றது வெறும் தோட்டம். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் பக்கம் "அவன் தோட்டத்துப் பொடியன்" எண்டு ஒருத்தனைப் பற்றிச் சொன்னால், அவன் வீட்டில மாமரம் நிக்குது எண்டு யாரும் விளங்கிக்கொள்றதில்ல. ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகள், பொதுப் பைப், பொதுக் கழிப்பறை, ரெண்டு பேர் எதிரெதிரா வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டிய ஒழுங்கை. சிங்களத்திலும் அதே கதைதான், 'வத்த' என்பார்கள். ஆங்கிலேயர் காலத்து மாநகர சபைக்காரர் 'டெனமெண்ட் கார்டன்' என்று எழுதினார்கள். மூன்று மொழியிலும் தோட்டம். மூன்று மொழியிலும் மரம் இல்லை.

ஒரே சொல் எப்படி இவ்வளவு தூரத்தில் இருக்கிற இரண்டு இடங்களுக்குப் பெயரானது என்பது சொல் ஆராய்ச்சி மட்டும் இல்லை. வெயில் சம்பந்தப்பட்ட விசயமும்தான். ஏப்ரல் மாதம் மத்தியானம் ஹோர்ட்டன் பிளேஸில் நடந்து பாருங்கள், பிறகு ஜம்பட்டா வீதியில் நடந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் சில கிலோமீற்றர்தான். ஒன்றில் தலைக்கு மேல் கூரை மாதிரி மரம், மற்றதில் தலைக்கு மேல் வயர். இந்த வித்தியாசம் இயற்கையாக வந்ததில்லை, யாரோ சிலர் சில வருடங்களில் எடுத்த முடிவுகளால் வந்தது. இப்போது ஜூன் 5 வந்தால் எங்களைப் போன்ற இளைஞர் அமைப்புகள், வங்கிகள், பாடசாலைகள் எல்லாம் இலவசமாக மரக்கன்று கொடுக்கிற காலம். அதனால் அந்த முடிவுகளின் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கறுவாத்தோட்டத்திலிருந்து தொடங்குவம். ஒல்லாந்தருக்குக் கறுவா எண்டால் உயிர். ஆரம்பத்தில் காட்டில் தானாக வளர்ந்த கறுவாவைத்தான் உரித்தார்கள். ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1769 அளவில், மருதானைப் பக்கம் தோட்டமாக நட்டுப் பார்த்தார்கள். அது பிடித்துவிட்டது. பிறகு வந்த ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தார்கள். 1833 இல் அரசாங்கத்தின் கறுவா ஏகபோகம் முடிந்தபோது, நகரத்துக்குப் பக்கத்திலேயே பரந்த ஒரு நிலம், ஏற்கெனவே துப்புரவாக்கிய நிலம், வேறு பயன்பாட்டுக்குத் தயாராக நின்றது. நகரத்துக்கு நடுவில் இப்படி ஒரு வெற்று நிலம் கிடைப்பது அதிர்ஷ்டம். வீதியை அகலமாகப் போடலாம், காணியைப் பெரிதாகப் பிரிக்கலாம், வீதியோரத்தில் மரத்துக்கு என்று இடம் விடலாம்.

அந்த நேரம் பணக்காரர் இருந்தது அங்கே இல்லை. வடக்கில். இதைக் கேட்டால் இப்ப நம்ப மாட்டீங்கள், ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கொழும்பின் பெரிய மனிதர்களுடைய பங்களாக்கள் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் கடலையும் களனி ஆற்றையும் பார்த்தபடி நின்றன. விஸ்ட் பங்களா, ஈலி ஹவுஸ் என்று பெயர் வைத்த வீடுகள். வீட்டைவிட வீட்டைச் சுற்றின வளவு பல மடங்கு பெரிது. ஈலி ஹவுஸ் என்ற பெயர் இன்றைக்கு ஒரு நீர்த்தேக்கத்தின் பெயராக மிஞ்சியிருக்கிறது.

பிறகு துறைமுகம் வந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் வைத்தார், பத்து வருடத்தில் அந்த அணை முடிந்தது. காலியில் நின்ற கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. நிலக்கரி, தேயிலைக் களஞ்சியம், வண்டிகள், அதோடு ஆயிரக்கணக்கான கூலியாட்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும், கிராமங்களிலிருந்து வந்த சிங்களவரும். 1871 குடிசன மதிப்பில் ஒரு இலட்சத்துக்குக் கிட்ட இருந்த நகரம் 1921 இல் இரண்டரை இலட்சத்துக்குக் கிட்டப் போய்விட்டது. வேலை வடக்கில், ஆகவே ஆட்களும் வடக்கில். பணக்காரருக்குப் புகையும் சத்தமும் பிடிக்கவில்லை. அவர்கள் தெற்கே நகர்ந்தார்கள், கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும்.

தமிழ்ப் பெருந்தனக்காரரும் இதே பாதையில்தான் போனார்கள். பொன்னம்பல முதலியார் 1850களில் கொச்சிக்கடையில் சிவன் கோயில் கட்டினார். அவருடைய மகன் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கருங்கல்லால் திரும்பக் கட்டினார். இப்போது அது நிற்கிற வீதிக்கே ஸ்ரீ இராமநாதன் மாவத்தை என்று பெயர். ஆனால் இன்னொரு மகன் அருணாசலத்தின் வீடு, 'பொன்கிளார்', இருந்தது ஹோர்ட்டன் பிளேஸில். கோயில் வடக்கில் நின்றுவிட்டது, வீடு நிழலுக்குப் போய்விட்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வசதி உள்ள எவரும் செய்திருப்பார்கள். ஆனால் ஒரு நகரத்தில் வரி கட்டுகிறவரும், சபையில் பேசுகிறவரும், முறைப்பாடு எழுதத் தெரிந்தவரும் ஒரே நேரத்தில் ஒரு பகுதியைவிட்டு இன்னொரு பகுதிக்குப் போனால், மாநகர சபையின் கண்ணும் அவர்களுக்குப் பின்னாலேயே போகும். கொழும்பு மாநகர சபை சட்டப்படி உருவானது 1865 இல். அதாவது இந்த இடம்பெயர்வும் சபையின் இளமைக்காலமும் ஒன்றாகவே நடந்தன.

வடக்கில் மிஞ்சின பங்களாக்களின் கதைதான் எங்கட 'தோட்டம்' என்ற சொல்லின் கதை. பெரிய வளவைச் சொந்தக்காரர் துண்டு போட்டார், அல்லது தானே வரிசையாகச் சின்ன அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார். ஒரு வளவுக்குள் ஐம்பது குடும்பம். மரம் நின்ற இடத்தில் அறை கட்டினால் வாடகை வரும், மரம் வாடகை கட்டாது. ஆனால் சனம் அந்த இடத்தைப் பழைய பெயரிலேயே கூப்பிட்டது. இன்னாருடைய தோட்டம், இன்னாருடைய வத்த. மரம் போனது, பெயர் நின்றது.

பெயர்களைப் பார்த்தால் சில வேளை சிரிப்பு வரும், சில வேளை வராது. கொட்டாஞ்சேனை என்ற பெயருக்குச் சொல்லப்படுகிற விளக்கங்களில் ஒன்று, அது கொட்டை மரம் நின்ற சேனை என்பது. கொட்டை மரம் எண்டால் தமிழ்நாட்டுக்காரர் நாட்டு வாதுமை எண்டு சொல்ற மரம்தான், சிங்களத்தில் கொட்டம்பா. சின்ன வயசில கல்லால குத்தி உடைச்சுப் பருப்பு எடுத்துச் சாப்பிட்ட ஆட்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையிலும் ஒரு 'வத்தை' இருக்கிறது. சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல், மணல் தோட்டம். கொட்டாஞ்சேனைக்கு அருகில் இருக்கிற புளூமெண்டல் ஒல்லாந்தச் சொல். அதன் அர்த்தம் 'பூக்களின் பள்ளத்தாக்கு'. கொழும்பு தன்னுடைய குப்பையை வருடக்கணக்காகக் கொட்டி மலையாக்கினது அந்தப் பூக்களின் பள்ளத்தாக்கில்தான். 2009 இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் அங்கே கொட்டுவது நின்றபோது, குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புதுவருடப் பிறப்பு அன்று அந்த மலை சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். நகரத்துக்கு வேண்டாத எல்லாம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தால், நிழல் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதும் விளங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசை.

வீதி மரத்தின் வரலாறு ஆங்கிலேயரோடு தொடங்கவில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தெருக்களில் பூவரசு நின்றதை 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் குறிப்பிடுகிறார். கோட்டைப் பகுதியின் பழைய புகைப்படங்களிலும் வீதியின் இரண்டு பக்கமும் மரம் நிற்பதைப் பார்க்கலாம். பூவரசு! எங்கட ஊர்களில வேலிக்கு நடுற மரம், இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதின மரம். அது கடற்கரை மரம், உப்புக் காற்றைத் தாங்கும், கம்பை வெட்டி ஊன்றினால் முளைக்கும். யானையாட்டம் பருக்காது. ஒடுங்கின தெருவுக்கு ஏற்றது. அந்த ஆட்கள் வியாபாரிகளாக இருந்தாலும் மரத்தைத் தெருவின் அளவுக்குப் பார்த்துத்தான் நட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் கொண்டுவந்தது வேறு கணக்கு. கொம்பனித்தெருவில் 1810 அளவில் ஒரு தாவரவியல் தோட்டம் வைத்தார்கள். இலண்டன் கியூ தோட்டத்தின் பெயர் அங்கே கியூ வீதியாக இன்னும் இருக்கிறது. அந்தத் தோட்டம் களுத்துறைக்குப் போய், 1821 இல் பேராதனையில் நிலைத்தது. பேராதனை வழியாக உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் மரங்கள் இறங்கின. அப்படி 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்ததுதான் மழை மரம். சிங்களத்தில் மாரா. பொழுதுபட்டால் இலையை மூடிக்கொள்வதால் தமிழ்நாட்டில் தூங்குமூஞ்சி மரம். பௌத்தாலோக மாவத்தையில் குடை மாதிரி விரிந்து நிற்கிறது இதுதான். ஒரு மரமே முப்பது மீற்றர் அகலத்துக்கு நிழல் போடும். அழகு, மறுப்பில்லை. ஆனால் முப்பது மீற்றர் விரிகிற மரத்தைக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் எங்கே நடுவது? கொழும்பின் 'நல்ல வீதி மரம்' என்று எங்கள் எல்லோருடைய மனதிலும் பதிந்திருக்கிற உருவமே அகலமான வீதிக்காக, பெரிய வளவுக்காகத் தெரிவு செய்த உருவம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வடக்குக் கொழும்பில் மரம் நட 'இடமே இல்லை' என்றுதான் தெரியும்.

1921 இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு வந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், உயிரியல் படித்துப் பிறகு நகரத்தைப் படித்தவர், அப்போது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். கொழும்பின் முதல் நகரத் திட்ட அறிக்கை அவருடையது. 'கிழக்கின் தோட்ட நகரம்' என்ற பட்டம் அந்த அறிக்கையோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது. சுற்றுலாப் புத்தகங்கள் இன்றைக்கும் அதைச் சொல்லும். கெடிஸைப் பற்றி எனக்குப் பிடித்த விசயம் அதற்கு முந்தியது. 1915 அளவில் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்த்து எழுதியபோது, தஞ்சாவூர் போன்ற இடங்களில் நெரிசலான தெருக்களை இடித்து நேர் வீதி போட நினைத்த பொறியியலாளர்களோடு அவர் உடன்படவில்லை. இருக்கிற வீடுகளை முடிந்தவரை விட்டுவிட்டு, இடிந்து கிடக்கிற ஒன்றிரண்டை மட்டும் அகற்றி, அந்த இடைவெளியைச் சின்ன முற்றமாக்கி மரம் நடலாம் என்றார். உடம்பை வெட்டிப் பிளக்காமல் வைத்தியம் பார்க்கிற மாதிரி. அதாவது ஒடுங்கின தெருவிலும் மரத்துக்கு இடம் கண்டுபிடிக்கலாம் என்று நூறு வருடத்துக்கு முன்னால், அதுவும் தமிழ் ஊர்களைப் பார்த்தே, ஒருவர் எழுதியிருக்கிறார். கொழும்பு அவருடைய பட்டத்தை எடுத்துக்கொண்டது. வைத்தியத்தை எடுத்ததாகத் தெரியவில்லை.

ஒப்பிடுவதற்கு இன்னொரு 'தோட்ட நகரம்' இருக்கிறது. சிங்கப்பூர். லீ குவான் யூ 1963 ஜூனில் ஒரு மரத்தை நட்டுத் தொடக்கி வைத்தார், 1967 இல் அது 'தோட்ட நகரம்' என்ற அரசுத் திட்டமானது. அங்கேயும் மழை மரம்தான், அங்கேயும் ஆங்கிலேயர் விட்டுப்போன நகரம்தான். வித்தியாசம், அரசு கட்டின அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வீதி போடும்போதே மரத்துக்கு நிலம் ஒதுக்கினார்கள். சிங்கப்பூரைப் புகழ்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை, அந்த அரசு எப்படி நடந்தது என்பது வேறு கதை. ஆனால் மண்ணுக்கு இடம் முதலில், கன்று பிறகு என்ற ஒழுங்கு அங்கே இருந்தது.

எங்களிடம் ஒழுங்கு தலைகீழ். 2010 நவம்பரில் 'தெயட்ட செவண' என்று ஒரு தேசிய மரநடுகை நடந்தது. 11 நிமிடத்தில் 11 இலட்சம் கன்று என்பது இலக்கு. பெயரின் அர்த்தம் 'தேசத்துக்கு நிழல்'. நடுவதற்கு 11 நிமிடம் போதும். நிழலுக்கு 11 வருடமாவது வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றி விழாவில் பேச்சு வராது. அதே 2010 இல்தான் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதன் கணக்கெடுப்பு கொழும்பில் 1,499 'வசதி குறைந்த' குடியிருப்புகளையும் அவற்றில் 68,812 குடும்பங்களையும் எண்ணியது. தோட்டங்கள்தான். அவர்களை அகற்றி உயர்ந்த தொடர்மாடிகளுக்கு அனுப்புவது திட்டம். கொழும்பு வடக்கிலும் வனாத்தமுல்லையிலும் எழும்பின அந்தத் தொடர்மாடிகளின் பெயர்களை வாசித்துப் பாருங்கள்: சிறிசர உயன, மெத்சர உயன, மிஹிஜய செவண. உயன எண்டால் பூங்கா. செவண எண்டால் நிழல். தோட்டத்திலிருந்து எடுத்துப் பூங்காவில் போட்டார்கள், இரண்டிலும் மரம் இல்லை. பன்னிரண்டாம் மாடியில் இருக்கிற அம்மாவுக்கு முருங்கைக்கு எங்கே போவது?

வெள்ளவத்தையின் கதை இதிலிருந்து வேறு, அதனால்தான் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையை வசதி குறைந்த இடம் என்று யாரும் சொல்ல முடியாது. சதுர அடி விலை கேட்டால் தலை சுத்தும். ஆனால் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் வீதி மரம் என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. மரம் இருந்தது மதிலுக்கு உள்ளே. ஓடு போட்ட தனி வீடு, முன்னுக்கு நந்தியாவட்டை, பின்னுக்கு ரெண்டு தென்னை, ஒரு மா, ஒரு பலா, மூலையில் முருங்கையும் கறிவேப்பிலையும். அந்தக் காலத்துத் தமிழ் அரச உத்தியோகத்தர் வீடு எண்டால் இதுதான். வீதிக்கு வந்த நிழல் மதிலுக்கு மேலால் சிந்தின நிழல்.

அந்த வீடுகளில் பல 1983 ஜூலையில் எரிந்தன. பிறகு போர் வடக்கு கிழக்கிலிருந்து சனத்தை இங்கே தள்ளியது. வெளிநாட்டுக் காசும் வந்தது. ஒரு வீடு நின்ற காணியில் இருபது, முப்பது வீட்டுத் தொடர்மாடி. ஒரு காணி தொடர்மாடியாகும்போது மரம் எப்படிப் போகிறது என்பதைக் கவனித்தவருக்குத் தெரியும்: கீழ்மாடி வாகனத் தரிப்பிடம், காணி முழுக்கச் சீமெந்து, மண்ணே இல்லை. தனியார் காணிக்குள் நின்ற மரம் தனியாகவே செத்தது, மாநகர சபையின் எந்தப் பட்டியலிலிருந்தும் ஒரு மரம் குறையவில்லை, ஏனென்றால் அது எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தோடு நடந்தது வெள்ளவத்தையில் நூறு வருடம் பிந்தி நடந்தது. இரண்டு இடத்திலும் நிழல் தனிச்சொத்து. சொத்து கைமாறினதும் நிழல் போய்விட்டது. கறுவாத்தோட்டத்தில் மட்டும்தான் நிழல் வீதிக்குச் சொந்தம், அதாவது பொதுச்சொத்து. அதைச் சபை காசு கொடுத்துப் பராமரித்தது. பணக்காரருக்குப் பொது மரம், மற்றவைக்குச் சொந்த மரம். யோசிச்சுப் பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 1930களில் அரச நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறமடித்து, அங்கே வீட்டுக் கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. 2020 இல் வந்த ஓர் ஆய்வு 108 நகரங்களை எடுத்துப் பார்த்தது. அந்தச் சிவப்புப் பகுதிகள் இன்றைக்கும் மற்றப் பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 பாகை செல்சியஸ் கூடச் சுடுகின்றன. மரம் குறைவு, தார் கூட. தொண்ணூறு வருடத்துக்கு முந்தின ஒரு பென்சில் கோட்டைத் தரையின் வெப்பத்தில் வாசிக்கலாம்.

சரி, அப்ப அங்கே இலவசமா மரம் குடுத்தால் முடிஞ்சுதா? டெட்ரோயிட்டில் அதைத்தான் செய்தார்கள். 'கிரீனிங் ஒஃப் டெட்ரோயிட்' என்ற அமைப்பு வீட்டுக்கு முன்னால் இலவசமாக மரம் நட்டுத் தருகிறோம் என்று சொன்னது. 2011 முதல் 2014 வரை தகுதியான சுமார் 7,500 வீடுகளில் 1,800க்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர். ஏன் என்று கிறிஸ்டீன் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் போய்க் கேட்டார். அறியாமை என்று நினைத்தவர்களுக்குக் கிடைத்த பதில் வேறு. பலருக்கு மரத்தின் பயன் நன்றாகத் தெரியும். அவர்களுக்கு நினைவிருந்தது வேறு விசயம்: 1960களில் நகரம் தங்கள் பகுதியின் பெரிய எல்ம் மரங்களை வெட்டினது, வானத்திலிருந்து டிடிடி தெளித்தது, 1967 கலவரத்துக்குப் பிறகு மரங்களை அகற்றினது தங்களைக் கண்காணிக்கத்தான் என்று பலர் நம்பினது. அதோடு, நகரம் வெற்றுக் காணிகளில் நிற்கிற மரங்களையே கவனிக்காமல் விட்டிருந்தது. இதையும் நட்டுவிட்டுப் போனால் கிளை விழுந்தால் யார் பார்ப்பது, இலையை யார் கூட்டுவது? எந்த மரம் வேண்டும் என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. மரத்தை அல்ல, மரத்தோடு வந்த முறையைத்தான் அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது 2023 ஒக்டோபர் 6. கொள்ளுப்பிட்டியில், லிபர்ட்டி பிளாசாவுக்குக் கிட்ட, டுப்ளிகேஷன் வீதியில் போன பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பில் மழை பெய்தால் சனம் மரத்தடியில் நிற்கப் பயப்பட்டது. வெட்டுங்கோ, எல்லாத்தையும் வெட்டுங்கோ என்ற குரல் வந்தது. அந்த நேரம் கொழும்பு மாநகர சபையில் மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. 2023 மார்ச்சில் பழைய சபையின் காலம் முடிந்தது, தேர்தல் நடந்தது 2025 மேயில்தான். வீட்டுக்கு முன்னால் நிற்கிற மரம் சரிந்திருக்கிறது என்று வட்டார உறுப்பினரிடம் போய்ச் சொல்ல வட்டாரத்துக்கு உறுப்பினர் இல்லாத இரண்டு வருடம்.

வீதி மரம் தானாக விழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு முறை வேரை வெட்டுவார்கள், கேபிளுக்கு இன்னொரு முறை. நடைபாதைக்கு அடிமரம் வரை சீமெந்து பூசுவார்கள், மழைத் தண்ணீர் இறங்க வழியில்லை. மின்சார வயருக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் தறிப்பார்கள், பாரம் மற்றப் பக்கம் சாயும். வருடக்கணக்காக இதெல்லாம் நடந்த பிறகு ஒரு நாள் காற்றடிக்கும். பத்திரிகையில் 'மரம் விழுந்தது' என்று எழுதுவார்கள்.

ஆகவே கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக்குக் கன்று கொண்டுபோகிறவர்கள் (நாங்களும்தான்) எதிர்பார்க்க வேண்டியது நன்றி இல்லை, கேள்விகள். நியாயமான கேள்விகள். தண்ணி பொதுப் பைப்பில வரிசையில நிண்டு எடுக்கிறது, அதில கன்றுக்கு யார் ஊத்துறது? வேர் காணுக்குள்ள போனால் காண் அடைச்சு வீட்டுக்குள்ள வெள்ளம் வரும், யார் வந்து துப்புரவாக்குறது? மரம் நடுற இடத்தில இப்ப ஓட்டோ நிக்குது, ஓட்டோதான் எங்கட சாப்பாடு. நாளைக்கு இந்தக் காணியை எடுக்கப் போறாங்கள் எண்டு சொல்றாங்கள், பிறகு எதுக்கு மரம்? கடைசிக் கேள்விக்கு எந்த இளைஞர் அமைப்பிடமும் பதில் இல்லை. காணி உறுதி இல்லாத இடத்தில் பத்து வருடம் கழித்து நிழல் தரப்போகிற ஒன்றை நடச் சொல்வது, இருக்கிறவரிடம் கேட்கிற பெரிய உதவி. நாங்கள்தான் உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம்.

முடியாது என்று சொல்ல வரவில்லை. மழை மரத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டால் இடம் தெரியத் தொடங்கும். கொட்டாஞ்சேனையில் பாடசாலை மைதானங்கள், புனித லூசியாஸ் பேராலய வளவு, கோயில் வீதிகள், விகாரைகள் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. அரச மரத்தை ஒருத்தரும் தறிக்கத் துணிவதில்லை, வடக்குக் கொழும்பில் இன்னும் நிற்கிற பெரிய மரங்கள் பலவற்றைக் காப்பாற்றினது சட்டம் இல்லை, சாமி. ஒழுங்கை மூலையில், பொதுப் பைப்புக்குப் பக்கத்தில், தண்ணீர் எப்படியும் சிந்துகிற இடத்தில் ஒரு மரத்துக்கு ஒரு மீற்றர் மண்ணைத் திறந்துவிடலாம். பைப்படியில் வாளியோடு நிற்கிற பெண்களுக்குத்தான் அந்த நகரத்தில் நிழல் முதலில் தேவை. வெள்ளவத்தையில் தொடர்மாடி கட்ட அனுமதி கேட்கும்போதே வீதியோரம் ஒரு துண்டு மண் விடு என்று சபை சொல்லலாம். உப்புக் காற்றுக்குப் பூவரசு இருக்கு, புன்னை இருக்கு, கொட்டை மரம் இருக்கு, மூன்றும் இந்தக் கரையின் மரங்கள்.

எது என்பதை அங்கே இருக்கிறவர்கள் சொல்லட்டும். அனேகமாக முருங்கை கேட்பார்கள். முருங்கை வீதி மரம் இல்லை, கிளை லேசாக முறியும், நிழலும் மெல்லிசு, நகரத் திட்டக்காரர் யாரும் அதைப் பட்டியலில் போட மாட்டார். ஆனால் காலையில் கறிக்கு இலை பிடுங்க வருகிற ஒருவர் இருக்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற கேள்வி வராது.